கரிப் பணமும் குடியானவன் நிலமும்

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு இரண்டு காட்சிகள் மாறி மாறித் தென்படும். ஒரு புறம் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் முதலிய சாமான்களை உற்பத்தி செய்யும் பெரிய ஆலைகள். மறு புறம் உழவு நின்று, சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கும் புஞ்சை நிலங்கள். ஆலையின் மதிலுக்கும் கருவேல் புதருக்கும் நடுவே சில வயல்களும், ஏரிக்கரையும், பனை வரிசையும் இன்னும் மிச்சமிருக்கின்றன. அந்த மிச்சத்தைக் காப்பாற்ற ஒரு வழி உண்டென்று சொல்லப்படுகிறது. அதை ஆராய்வதே நமது நோக்கம்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலையும், 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலையும், 2013-ல் ராயல் என்பீல்டு ஆலையும் வேலை தொடங்கின. இந்தத் தொழில் வளர்ச்சியை நாம் குறை கூறவில்லை. கைத்தொழிலில் முன்னேறாத தேசம் பிறர் கையை எதிர்பார்த்தே வாழ வேண்டியிருக்கும் என்பதை நாம் பட்டு அறிந்தவர்கள். ஆனால் ஆலை வந்த ஊரில் கழனி என்ன ஆயிற்று என்று கேட்பதும் நமது கடமை. மகன் ஷிப்டு வேலைக்குப் போகிறான், மருமகளும் போகிறாள், வீட்டில் இருப்பது கிழவனும் கிழவியும் ஒன்றரை ஏக்கர் நிலமுந்தான். நாற்று நடவும் களை பறிக்கவும் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கொடுத்துக் கட்டுவதில்லை. ஆகவே நிலம் தரிசாகிறது. தரிசான நிலத்துக்குத் தரகன் வருவது தாமதமில்லை.

ஆலை வேலை என்றும் நிலைக்குமென்ற நிச்சயமும் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் பெரும் ஆரவாரத்துடன் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் வேலையிழந்து வீடு திரும்பினார்கள். வீட்டில் நிலம் இருந்தவர்களுக்கு ஏதோ ஒரு பிடிப்பு இருந்தது. முன்பே விற்றுவிட்டவர்களுக்கு அதுவும் இல்லை. சிறு நிலத்தைக் குடும்பத்தின் கையிலேயே வைத்திருக்கச் செய்யும் உபாயம் எதுவாயினும் அதை நாம் அலட்சியம் செய்யலாகாது என்று சொல்வது இதனால்தான்.

2015–16-ஆம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளர் கையில் உள்ள நிலம் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இப்படிப்பட்ட குடியானவர்களிடம் இப்போது ஒரு புதிய யோசனை வருகிறது. “நிலத்தில் மரம் நடுங்கள், மரம் உங்களுடையதே, அது காற்றிலிருந்து உறிஞ்சும் கரிக்கு மட்டும் நாங்கள் பணம் கொடுக்கிறோம்” என்பது அந்த யோசனை. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. இது வரமா, வலையா?

கரிக்கு விலை எப்படி வந்தது?

நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிப்பதால் கரியமில வாயு ஆகாயத்தில் பெருகுகிறது. அதனால் பூமி சூடேறுகிறது. மழை தவறுகிறது, அல்லது 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் கண்டதுபோல் ஒரேயடியாகக் கொட்டுகிறது. இந்தப் புகையைக் குறைக்க உலக ராஜ்யங்கள் 1997-ல் ஜப்பானிலுள்ள கியோட்டோ நகரில் ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டன. அது 2005-ல் அமலுக்கு வந்தது. தங்கள் புகையைக் குறைக்கும் பொறுப்பை ஏற்ற பணக்கார நாடுகள், அதில் ஒரு பகுதிக்கு ஈடாக ஏழை நாடுகளில் நடக்கும் நற்காரியங்களுக்குப் பணம் கொடுத்துக் கணக்குக் காட்டலாம் என்று அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. மரம் நடுவதும் அந்த நற்காரியங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. கம்பெனிகள் தாமாகவே முன்வந்து வாங்கும் சந்தை ஒன்றும் அதனருகே வளர்ந்தது. ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு சீட்டு. அந்தச் சீட்டுக்கு ஒரு விலை. இந்த வருமானத்தைக் கரிப் பணம் என்றே நாம் அழைப்போம்.

அளவு முறை எளியதுதான். மரம் காய்ந்தால் அதன் எடையில் ஏறக்குறைய பாதி கரி. 12 பங்கு கரி, பிராணவாயுவுடன் கூடினால் 44 பங்கு கரியமில வாயுவாகிறது. ஆகவே, காய்ந்த எடையில் 100 கிலோ உள்ள மரம் ஒன்று 50 கிலோ கரியையும், அதன் மூலம் சுமார் 183 கிலோ கரியமில வாயுவையும் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. இப்படி ஐந்தாறு மரங்கள் சேர்ந்தால் ஒரு டன். மரத்தை வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், அடிமரத்தின் சுற்றளவை நாடாவால் அளந்தால் எடையை ஓரளவு மதிப்பிட்டு விடலாம். கிராமத்துப் பையனும் பெண்ணும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளக் கூடிய வேலை இது.

நம் பக்கத்திலேயே நடந்த சோதனை

காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துக் குடியானவர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. ‘சர்வதேசச் சிறு குழு மரம் நடுதல் திட்டம்’ என்று ஒன்று உண்டு. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘டிஸ்ட்’ என்பார்கள். 1999-ல் ஆப்பிரிக்காவில் தான்ஸானியா தேசத்தின் ம்ப்வாப்வா என்னும் வறண்ட பிரதேசத்தில் அது தொடங்கியது. அமெரிக்காவிலுள்ள ‘கிளீன் ஏர் ஆக்ஷன் கார்ப்பரேஷன்’ என்ற ஸ்தாபனம் கரிச் சீட்டு விற்கும் பொறுப்பை ஏற்றது. சில வருஷங்களுக்குள் கென்யா, உகாண்டா தேசங்களுக்கும் நமது தமிழ்நாட்டுக்கும் அத்திட்டம் வந்து சேர்ந்தது. இங்கே குடியானவர்கள் தங்கள் சொந்த நிலத்தில் நட்ட மரங்கள், கியோட்டோ ஒப்பந்தத்தின் ஏற்பாட்டின் கீழ் 2010 ஜனவரியில் முறைப்படி பதிவாயின. பதிவான பரப்பு 106 ஹெக்டேர். வருஷத்துக்கு 3,594 டன் கரியமில வாயு உறிஞ்சப்படும் என்பது அப்போது போட்ட மதிப்பு.

106 ஹெக்டேர் என்றால் சுமார் 262 ஏக்கர். ஒரு பெரிய ஆலைக்கு எடுக்கும் நிலத்தின் அளவுக்கு மேல் இது போகாது. ஆனால் அந்த 262 ஏக்கர் ஒரே ஜமீனாக இல்லாமல், சிறு சிறு துண்டுகளாகப் பல குடும்பங்களின் கையில் இருந்தது என்பதே இதில் கவனிக்கத்தக்க அம்சம். ஒன்றிரண்டு ஏக்கர்க்காரர் தனியே போனால் எந்தக் கரி வியாபாரியும் வாசலில் நிறுத்த மாட்டான். அவர் நிலத்தை அளக்கவும், அத்தாட்சி பெறவும், பதிவு செய்யவும் ஆகும் செலவு அவருடைய மரங்களின் விலையையே மிஞ்சிவிடும். பல துண்டுகள் ஒரே பதிவில் சேர்ந்ததால்தான் செலவு பகிரப்பட்டு, காரியம் சாத்தியமாயிற்று.

இத்திட்டத்தின் அமைப்பும் நாம் பாடம் கற்கத் தக்கது. ஆறு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்கள், அடிக்கடி கூட்டம், தலைமை ஒருவரிடமே தங்காமல் மாறி மாறி வரும் முறை. மரங்களை எண்ணிச் சுற்றளவு எடுப்பவர்கள் உள்ளூர்க்காரர்களே. எண்ணிய கணக்கு, யாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடப்பட்டது. நிலம், மரம், கட்டை, காய், தழை எல்லாம் குடியானவருக்கே சொந்தம். விற்றது கரியை மட்டுமே. உயிருடன் நிற்கும் மரம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 2 அமெரிக்க சென்ட் முன்பணம். கரிச் சீட்டு விற்று வரும் லாபத்தில் 70 சதவீதம் குடியானவர்களுக்கு என்பது திட்டத்தின் விதி.

இதே காலத்தில் வட இந்தியாவிலும் முயற்சி நடந்தது. ஹரியானா ராஜ்யத்தில், மணல் மேடுகள் நகர்ந்து வயலை மூடும் சிர்ஸா ஜில்லாவில், 8 கிராமங்களைச் சேர்ந்த 227 குடியானவர்கள் சுமார் 370 ஹெக்டேர் சொந்த நிலத்தில் மரம் நட்டார்கள். 2009-ல் பதிவான அம்முயற்சிதான் இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. அங்கே ராஜ்ய வனத்துறை கை கொடுத்தது. அதே வருஷத்தில் ஆந்திரத்துக் கம்மம் ஜில்லாவில் பதிவான திட்டத்துக்கு, காகித ஆலை நடத்தும் ஐ.டி.சி. கம்பெனி பின்னால் நின்றது. வனத்துறை நடத்துவது, ஆலை நடத்துவது, குழுக்கள் நடத்துவது என்று மூன்று வழிகள் தென்படுகின்றன. முதலாவதில் குடியானவன் அதிகாரியைப் பார்த்து நிற்கிறான். இரண்டாவதில் கட்டை வாங்கும் ஆலையைப் பார்த்து நிற்கிறான். மூன்றாவதில்தான் தன் பக்கத்து வயல்காரனைப் பார்த்து நிற்கிறான். சிறு குழு முறைக்கு நாம் ஆதரவாயிருப்பதன் காரணம் இதுவே.

கணக்கு என்ன சொல்கிறது?

நிற்க. பணம் எவ்வளவு என்பதை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். பலருடைய பிரசங்கத்தில் இந்த இடம்தான் மங்கலாக விடப்படுகிறது.

2 சென்ட் என்பது 2010-ஆம் வருஷத்து நாணய மாற்றின்படி ஒரு ரூபாய்க்கும் குறைவு. ஆயிரம் மரம் வைத்திருந்தவருக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் கூட முன்பணமாக வந்திராது. சீட்டு விற்ற பங்கைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஒரு குடும்பம் வரப்போரத்தில் 100 மரம் வளர்க்கிறது. பத்து வருஷத்தில் ஒவ்வொன்றும் காய்ந்த எடையில் 100 கிலோ ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். அடங்கிய கரியமில வாயு சுமார் 18 டன். டன் ஒன்றுக்கு 400 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், பத்து வருஷத்துக்கும் சேர்த்து 7,300 ரூபாய். மாதத்துக்கு 61 ரூபாய் சொச்சம்! இதிலும் அளவுச் செலவும் அத்தாட்சிச் செலவும் போக வேண்டும். அரை ஏக்கர் புஞ்சையில் 500 மரம் வைத்தவருக்கு இதைப் போல் ஐந்து மடங்கு. விலை இரட்டித்தால் அதைப் போல் பத்து மடங்கு. அவ்வளவே.

ஆகவே, கரிப் பணத்தால் மாளிகை கட்டலாம் என்று ஒருவன் வந்து சொன்னால் அவன் பொய் சொல்கிறான். கரிப் பணத்தை மட்டும் நம்பி நெல் வயலை அழிப்பவன் அறிவிழந்தவன். அப்படியானால் இதில் பிரயோஜனம் என்ன என்று கேட்கலாம். பிரயோஜனம் உண்டு, அது எங்கே இருக்கிறது என்று சரியாகப் பார்க்க வேண்டும்.

மரத்தின் பெரிய வருமானம் கட்டையிலும் காயிலும் தழையிலும் இருக்கிறது. மேற்சொன்ன 100 மரத்தின் கட்டை விலை, கரியின் விலையைப் போல் பல மடங்கு. ஆனால் அந்த வருமானம் வரும் வரையில் குடும்பம் காத்திருக்க வேண்டும். சவுக்குக்கு மூன்று நான்கு வருஷம், மகாகனிக்கும் தேக்குக்கும் பதினைந்து இருபது வருஷம் என்று காத்திருக்கும் காலம் நீளுகிறது. ஏழையால் முடியாத ஒரே காரியம் காத்திருப்பது. பெண்ணின் கல்யாணம், பிள்ளையின் படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு என்று ஏதாவது ஒன்று வந்தால், பருக்க வேண்டிய மரத்தை இளமையிலேயே வெட்டி, கிடைத்த விலைக்கு விற்று விடுகிறார்கள். நிற்கும் மரத்துக்கு வருஷந்தோறும் சிறிது பணம் வருமானால், வெட்டாமல் காத்திருக்க அது ஓர் ஊன்றுகோலாகும். வருஷத்தில் நாலாயிரம் ஐயாயிரம் என்பது வீட்டுச் செலவுக்குப் போதாது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் கந்துவட்டிக்காரனிடம் போகாமலிருக்கப் போதும்.

தமிழ்நாட்டு சர்க்காரும் இதே நோக்கத்துடன் ஒரு காரியம் செய்தது. 2021–22-ல் வேளாண்மைத் துறை தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கத்தில் மரக்கன்றுகளை இலவசமாகக் கொடுத்ததோடு, உயிர் பிழைத்து நிற்கும் கன்று ஒன்றுக்கு ரூ.7 வீதம், இரண்டாம் வருஷத்திலிருந்து மூன்று வருஷங்களுக்கு ஊக்கத் தொகை தர ஏற்பாடாயிற்று. நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கே பணம் என்பதைக் கவனிக்க வேண்டும். மந்திரிகள் நட்டுப் படம் பிடித்துக்கொண்ட கன்றுகள் மறு கோடையில் என்ன ஆயின என்பதைத் தேசம் நன்றாக அறியும். 1950 ஜூலையில் கே. எம். முன்ஷி வன மகோத்ஸவத்தைத் தொடங்கி வைத்த நாள் முதல் நாம் நட்ட கன்றுகள் எல்லாம் பிழைத்திருந்தால், இந்தியாவில் இன்று வெயில் விழ இடமிருக்காது. நடுவதற்குக் கூலி, வளர்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதே அந்தக் கொண்டாட்டங்களின் குறை. சர்க்கார் தரும் ரூ.7 நாலாம் வருஷத்தோடு முடிகிறது. கரிப் பணம் தொடங்க வேண்டிய இடம் அதுவே. இரண்டையும் இணைத்தால் சங்கிலி அறாது.

இந்தப் பிரதேசத்துக்கு ஏன் பொருந்தும்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கிராமங்களில் குறைவாயிருப்பது ஆள்பலம். மரத்துக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் தண்ணீரும் காவலும் வேண்டும். அதற்குப் பின் நெல்லுக்கு வேண்டிய ஆளில் கால் பங்கும் வேண்டியதில்லை. ஷிப்டு முடிந்து வரும் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யக்கூடிய வேலை. வயதானவர்கள் பார்த்துக்கொள்ளக்கூடிய பயிர். உழ ஆளில்லாமல் தரிசாய்க் கிடந்த நிலம் சவுக்கும் வேம்பும் புங்கமும் நிற்கும் தோப்பாகிவிட்டால், “சும்மா கிடக்கிறதை விற்றால் என்ன?” என்ற தரகனின் வாய்ப்பேச்சுக்கு அங்கே வேலையில்லை. ஆட்டுக்குத் தழையும், அடுப்புக்குச் சுள்ளியும், வெயிலுக்கு நிழலும் மேல் வருமானம். சவுக்கு, அவரைக் குடும்பத்தைச் சேராதிருந்தும், தன் வேர்களில் வாழும் நுண்ணுயிரின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் மரம். சென்னைப் பட்டணத்துக்கு விறகு கொடுப்பதற்காக 19-ஆம் நூற்றாண்டு முதலே கடற்கரைப் பகுதிகளில் பயிராகி வந்தது. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் குடியானவர்களுக்கு அதை வளர்க்க யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஜே. சி. குமரப்பா 1940-களில் சிறையிலிருந்து எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ என்ற நூலில், இயற்கைச் செல்வத்தை இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோல் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் சேமிப்பு. காடும் வயலும் முறையாக எடுத்தால் வற்றாத ஓட்டம். முதலாவதைச் செலவழித்து வாழ்கிறவன் இரண்டாவதைப் பெருக்குகிறவனுக்குக் கடன்பட்டவன். இந்தச் சாலையில் அவ்விருவரும் ஒரே மதிலுக்கு இப்புறமும் அப்புறமும் இருக்கிறார்கள். கரிப் பணத்தைத் தர்மமாக நினைக்கக் கூடாது, கடன் திருப்பமாகவே நினைக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

அபாயங்கள்

நன்மையைச் சொன்னோம், அபாயங்களையும் சொல்லாவிட்டால் நாமும் தரகர் கூட்டத்தில் சேர்ந்தவர்களாவோம்.

முதலாவது, காலம். கரி வாங்குகிறவன் மரம் நீண்ட காலம் நிற்க வேண்டுமென்பான். நமது சவுக்கோ மூன்று நான்கு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும். வெட்டிய கட்டை விறகானால் உறிஞ்சிய கரி மீண்டும் ஆகாயத்துக்கே போகிறது. இந்த முரண்பாட்டைக் கியோட்டோ ஏற்பாடும் தீர்க்கவில்லை. மரத்துக்கு அது கொடுத்தவை காலாவதியாகும் தற்காலிகச் சீட்டுக்களே. பெரிய வாங்குநராகிய ஐரோப்பியச் சந்தை அவற்றை ஏற்க மறுத்தது. ஆகவே 2010-ல் பதிவு பெற்ற உற்சாகம் எதிர்பார்த்த அளவு பணமாகவில்லை. இதிலிருந்து கற்க வேண்டிய பாடம், சீக்கிரம் வெட்டும் மரமும் நீண்ட நாள் நிற்கும் மரமும் ஒரே நிலத்தில் கலந்து நிற்க வேண்டும் என்பதே. வேம்பு, புங்கம், மா, பலா, மகாகனி ஆகியவை கரிக் கணக்குக்கு. சவுக்கு கைச் செலவுக்கு.

இரண்டாவது, நிலத்தின் நிச்சயமின்மை. இருபது முப்பது வருஷத்துக்கு மரத்தை வெட்டேன் என்று கையெழுத்திடும் குடியானவனுக்கு, இருபது வருஷம் நிலம் தன்னிடம் இருக்குமென்ற உறுதி யார் கொடுப்பது? ஆலைகளுக்காக நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் 1997-ல் தனிச் சட்டமே செய்யப்பட்டிருக்கிறது. பக்கத்திலுள்ள பரந்தூரில் 13 கிராமங்களைத் தொடும் விமான நிலையம் 2022-ல் அறிவிக்கப்பட்டு, ஏகனாபுரத்து ஜனங்கள் கிளர்ச்சி தொடங்கினார்கள். நிலத்தோடு சேர்ந்த மரத்துக்கும் மதிப்புப் போட வேண்டுமென்று 2013-ஆம் வருஷத்து மத்திய நில எடுப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த மரம் இனி உறிஞ்ச இருந்த கரிக்கு நஷ்ட ஈடு யார் தருவது? வாக்குத் தவறினான் என்று கரிக் கம்பெனி குடியானவன் மேல் வழக்குத் தொடர்ந்தால் யார் பதில் சொல்வது? ஒப்பந்தத்தில் இதற்கு விடை இல்லையானால் கையெழுத்து வேண்டாம்.

மூன்றாவது, பெயர். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே பணம் என்றால், தண்ணீர் ஊற்றியவருக்கு ஒன்றுமில்லை. குத்தகைக்காரன் வளர்த்த மரத்துக்கு நிலக்காரன் பணம் வாங்குவான். மாமியாரும் மருமகளும் குடம் சுமந்து காத்த கன்றுக்கு, பட்டணத்தில் இருக்கும் பங்காளி பணம் வாங்குவான். பெண்ணுக்குப் பரம்பரைச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. ஆனால் பட்டாப் புத்தகம் அந்தச் சட்டத்தை இன்னும் படித்து முடிக்கவில்லை.

நான்காவது, தண்ணீரும் சோறும். காஞ்சிபுரம் ஏரிகளின் ஜில்லா. ஏரி நீர் பாயும் நஞ்சையிலே தைல மரத்தை நிரப்பிக் கரி விற்பது, அரிசியை விற்று உமியை வாங்குவதாகும். ஏரியின் நீர்ப்பிடிப்பிலும் ஆயக்கட்டு நஞ்சையிலும் தோப்பு வேண்டாம். நஞ்சைக்கு வரப்போர மரம். புஞ்சைக்கும் தரிசுக்கும் தோப்பு.

ஐந்தாவது, சர்க்கார் பயம். 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் வந்தது முதல், மரம் என்றால் வனக் காவலர் என்ற நினைவு கிராமத்தில் தங்கியிருக்கிறது. சந்தனம் போன்றவற்றைச் சொந்த நிலத்தில் வளர்த்தாலும் வெட்ட அனுமதி கேட்க வேண்டும். வெட்ட முடியாததை எவன் நடுவான்? விவசாய நிலத்து மரங்களை வெட்டும் விதிகளை எளிதாக்க மத்திய சர்க்கார் 2025-ல் மாதிரி விதிகளை வெளியிட்டது. அதன் பலன் கிராம நிர்வாக அதிகாரியின் மேஜை வரை வந்து சேர வேண்டும்.

வாங்குகிறவன் யோக்கியதை

இது ஒருபுறமிருக்க, வாங்குகிறவனையும் விசாரிக்க வேண்டும். புகை விடுவதை நிறுத்தாமல், எங்கோ ஒரு ஏழையின் மரத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பரிசுத்தனானேன் என்று விளம்பரம் செய்வது, பாவத்தைத் தொடர்ந்து செய்துகொண்டே பிராயச்சித்தத்தைக் கூலிக்கு விடுவது போன்றது. 2023 ஜனவரியில் லண்டன் ‘கார்டியன்’ பத்திரிகை வேறு இரண்டு ஸ்தாபனங்களுடன் சேர்ந்து ஒரு விசாரணையை வெளியிட்டது. மழைக்காடுகளை அழியாமல் காத்ததாகச் சொல்லி விற்கப்பட்ட கரிச் சீட்டுக்களில் மிகப் பெரும் பகுதி வெறும் காகிதம் என்று அது கூறிற்று. சீட்டுக் கொடுத்த ஸ்தாபனம் அதை மறுத்தது. எப்படியாயினும் சந்தையில் நம்பிக்கை குலைந்தது. இது காட்டைக் காத்ததாகச் சொன்ன கணக்கைப் பற்றிய குற்றச்சாட்டு. கண்ணெதிரே நிற்கும், நாடாவால் அளக்கக்கூடிய, குடியானவன் தோப்பைப் பற்றியதன்று. ஆயினும் சந்தை சரிந்தால் முதலில் நஷ்டப்படுகிறவன் ஏழைதான்.

நம் தேசத்திலேயே இப்போது ஒரு சந்தை உருவாகிறது. 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023-ல் கரிச் சீட்டு வியாபாரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் மத்திய விவசாய மந்திரி சபை, விவசாயிகள் தாமாக முன்வந்து சேரும் கரிச் சந்தைக்கு ஒரு முறையை வெளியிட்டது. 2030-க்குள் காடுகளாலும் மரங்களாலும் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை உறிஞ்சச் செய்வோம் என்று இந்தியா உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. இந்த வாக்கைக் காப்பாற்றப் போவது டில்லியல்ல. வரப்போரத்தில் தண்ணீர் ஊற்றும் குடியானவன். அவனுக்கு உரிய கூலி போய்ச் சேரும்படி செய்வது சர்க்காரின் கடன்.

செய்ய வேண்டியவை

விவசாய சங்கத்தினரும் தேச ஊழியர்களும் கிராமங்களுக்குப் போகும்போது சில விஷயங்களை வற்புறுத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். கிராம சபையில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. சீட்டு எந்த விலைக்கு விற்றது, செலவு எவ்வளவு, பங்கு எவ்வளவு என்பது வருஷந்தோறும் வெளிப்பட வேண்டும். மரம் எண்ணிய தாளின் பிரதி குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். நிலத்தைச் சர்க்கார் எடுத்தாலும், புயல் மரத்தைச் சாய்த்தாலும், சொந்தக்காரர் காலமானாலும் குடும்பத்தின் மேல் கடன் விழக் கூடாது. கணவன் மனைவி இருவர் பெயரும், குத்தகையானால் குத்தகைக்காரர் பெயரும், ஒப்பந்தத்தில் ஏற வேண்டும்.

சர்க்கார் செய்ய வேண்டியது, அளவுச் செலவையும் அத்தாட்சிச் செலவையும் தான் ஏற்பது. கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சிறு குழுக்களைச் சேர்த்து ஒரே பதிவாக்கட்டும். நடுவே தரகன் வேண்டாம்.

ஆலை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் புகையை முதலில் குறையுங்கள். குறைக்க முடியாத மிச்சத்துக்கு எங்கோ தூர தேசத்துச் சீட்டை வாங்காமல், உங்கள் மதிலுக்கு வெளியே உள்ள குடியானவனின் தோப்பிலிருந்து நியாய விலைக்கு வாங்குங்கள். உங்கள் ஆலையில் வேலை செய்யும் பிள்ளையின் தகப்பன்தான் அந்தத் தோப்பின் சொந்தக்காரன். அளவு சரியா என்பதை வாசலிலிருந்து இறங்கி நடந்தே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இதைவிட நம்பத்தக்க கரிச் சீட்டு உலகச் சந்தையில் வேறு கிடைக்குமா?

முடிவாக ஒன்று சொல்லுவோம். கரிப் பணம் சிறு பணம். அது வறுமையை ஒழிக்காது, சோறு போடாது. ஆனால் சிறு நிலத்தை விற்காமல் வைத்திருக்கக் குடியானவனுக்கு ஒரு காரணத்தைக் கூடுதலாகக் கொடுக்கும். நிலம் அவனுடையதாக இருக்கும் வரையில்தான் மரம் அவனுடையது. மரம் அவனுடையதாக இருக்கும் வரையில்தான் கரி அவனுடையது. இந்த வரிசையை மாற்றி, கரியை முதலில் எழுதி வாங்கி, மரத்தைப் பிறகு கட்டுப்படுத்தி, கடைசியில் நிலத்தையே கைப்பற்றும் நோக்கத்துடன் எவன் வந்தாலும், அவன் உள்நாட்டானாயினும் வெளிநாட்டானாயினும், அவனை ஊர் எல்லையிலேயே நிறுத்த வேண்டும். நேர் வழியில் வருகிறவனுக்குத் திண்ணையில் இடம் கொடுத்து, கணக்குப் புத்தகத்தை விரிக்கச் சொல்லுவோம்.